அனியூரிசத்துக்குள் மறைந்திருக்கும் புற்றுநோயை எப்படிக் கண்டறிவது

தமனி தன் இயல்பான விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காகவோ அதற்கு மேலோ விரிந்திருந்தால் அதை அனியூரிசம் என்கிறோம். தமனித் தடிப்பு, புகைபிடித்தல், உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றோடுதான் பெரும்பாலும் அதைக் காண்கிறோம். ஆனால் மிக அரிதாக, ரத்தநாள உட்படலச் செல்களிலிருந்து தோன்றும் ஆஞ்சியோசார்கோமா என்ற புற்றுநோயோ, பெருந்தமனியின் உட்சுவரில் வளரும் இன்டிமல் சார்கோமா என்ற புற்றுநோயோ சுவரை அரித்து, அனியூரிசம் போலவே தோற்றமளிக்கும்.

வழக்கமான காரணம் எதுவும் இல்லாதவருக்கு அனியூரிசம் வந்தாலோ, அது சில வாரங்களிலேயே பெரிதானாலோ, எடைக்குறைவும் ஓயாத வலியும் சேர்ந்திருந்தாலோ சந்தேகம் எழ வேண்டும். சி.டி. ஆஞ்சியோகிராமில், உள்ளே படிந்திருக்கும் வெறும் ரத்த உறைவு சாய மருந்தை ஏற்காது. ஆகவே உறைவு என்று எண்ணிய பகுதி சாயத்தை ஏற்று ஒளிர்ந்தால், அங்கே உயிருள்ள திசு இருக்கிறது என்று கொள்ள வேண்டும். செல்கள் சர்க்கரையை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று காட்டும் பெட் ஸ்கேன் உதவும் என்றாலும், கிருமித்தொற்றால் உண்டான அனியூரிசமும் அதில் ஒளிரும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

தீர்மானிக்கக்கூடியது திசு மட்டுமே. அனியூரிசத்துக்குள் ஊசி செலுத்திப் பார்ப்பதில் ரத்தக்கசிவு அபாயம் உண்டு. ரத்தநாளத்தின் வழியே உள்ளே செலுத்தும் துணிக்குழாயான ஸ்டென்ட் கிராஃப்ட் பொருத்தினாலோ திசு கைக்கு வருவதே இல்லை. எனவே சந்தேகம் இருந்தால், சிகிச்சை முறையை முடிவு செய்யும் முன்பே புற்றுநோய் மருத்துவருடனும் நோய்க்குறியியல் மருத்துவருடனும் கலந்து பேசுவது நல்லது. திறந்த அறுவையில் சுவரின் ஒரு பகுதியையும் உள்ளிருந்த உறைவையும் திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் இட்டு அனுப்புங்கள். கிருமி வளர்ப்புச் சோதனைக்கான துண்டை ஃபார்மலினில் போடாமல், கிருமி நீக்கிய கலனில் தனியே அனுப்புங்கள். கால் தமனியை அடைத்து, அறுவையில் வெளியே எடுக்கப்பட்ட உறைவையும் குப்பையில் போடாதீர்கள், ஏனெனில் கட்டியின் துணுக்கே சில வேளைகளில் அங்கு வந்து அடைத்திருக்கும்.

பரிசோதனைப் படிவத்தில் ‘அனியூரிசம் சுவர்’ என்று மட்டும் எழுதாமல், ‘சார்கோமா சந்தேகம்’ என்றும் குறிப்பிடுங்கள். அப்போதுதான் சிடி31, இஆர்ஜி போன்ற, உட்படலச் செல்களை அடையாளம் காட்டும் புரதங்களைச் சோதிப்பார்கள். மேற்புறச் செல்களைப் போலத் தோன்றும் எபிதீலியாய்ட் வகை ஆஞ்சியோசார்கோமா, அச்செல்களின் புரதமான கெரட்டினுக்கான சோதனையிலும் நேர்மறை காட்டக்கூடும் என்பதால், வேறு உறுப்பிலிருந்து பரவிய கார்சினோமா (மேற்புறச் செல் புற்றுநோய்) என்று தவறாகக் கருதப்படலாம். இந்தக் குழப்பத்தை நான் மிகவும் அஞ்சுகிறேன். இன்டிமல் சார்கோமாவில் எம்டிஎம்2 என்ற மரபணு கூடுதல் பிரதிகளாகப் பெருகியிருக்கிறதா என்று தேடுவது பயன் தரும்.

நோய் உறுதியானால் நுரையீரல், எலும்பு உள்ளிட்ட இடங்களில் பரவல் உண்டா என்று தாமதமின்றிப் பார்க்க வேண்டும். முதல் அறிக்கையில் ஒன்றும் தென்படாமல், அறுவைக்குப் பின் அதே இடத்தில் திரும்பத் திரும்ப ரத்தம் கசிந்தாலோ, காரணமின்றிச் சதைத்திரள் வளர்ந்தாலோ, மெழுகில் பதித்து வைத்த பழைய திசுக் கட்டைகளை மறுபடி வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் புதிய பயாப்ஸியும் எடுங்கள்.