உயிரி எரிபொருள்: வேலூர்ப் பக்கத்தில் தவிர்க்க வேண்டிய கணக்குப் பிழைகள்

உயிரி எரிபொருள் நல்லதா, கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதிலேயே பிழை தொடங்குகிறது. எந்தப் பொருளிலிருந்து, எவ்வளவு நீர் செலவிட்டு அதை எடுக்கிறோம் என்று கேட்டால்தான் உருப்படியான விடை கிடைக்கும்.

ஒரு டன் கரும்பின் சாற்றை அப்படியே புளிக்கவைத்தால் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் சுமார் 70 லிட்டர் கிடைக்கும். சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸிலிருந்து 10 அல்லது 11 லிட்டர்தான். முன்னதே லாபம் என்று தோன்றும். ஆனால் மொலாசஸ் ஆலையில் எப்படியும் மிஞ்சுவது. அதற்கென்று தனியாக ஒரு வயலுக்கு நீர் பாய்ச்ச வேண்டியதில்லை. கரும்புக்கோ 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை நீர் தேவை. இங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர்தான் என்பதால், அம்முண்டி சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள கரும்புக்கும் மீதி நீரைக் கிணற்றிலிருந்துதான் இறைக்க வேண்டும். பாலாற்றை நம்பி யாரும் கரும்பு நடுவதில்லை. எத்தனால் வடிக்கும் ஆலையின் கழிவுநீரையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 8 முதல் 15 லிட்டர் வரை அது வெளியேறும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பார்த்த நாம் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது காட்டாமணக்கு. 2003இல் மத்தியத் திட்டக் குழு இதை, தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலுக்கு முன்னிறுத்தியபோது, வறண்ட நிலத்திலும் வளரும் என்ற பேச்சு எங்கும் பரவியது. செடி வளர்ந்தது உண்மை. ஆனால் நீரும் எருவும் இன்றி அது போதிய கொட்டை தருவதில்லை. பிண்ணாக்கும் நச்சு என்பதால் மாட்டுக்கு வைக்க முடியாது.

புங்க எண்ணெயை அப்படியே ஆயில் இன்ஜினில் ஊற்றுவது இன்னொரு தவறு. குடியாத்தம் பக்கத்து உறவினர் ஒருவர் ஊற்றினார். சில வாரங்கள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கரும்புகை கக்கியது. நாசிலைக் கழற்றினால் தார் பூசியதுபோல் கரி அடைத்திருந்தது. டீசலைப் போலப் பத்து மடங்கு பிசுபிசுப்புள்ள எண்ணெய் நுண்துளியாகச் சிதறாததே காரணம். மெத்தனாலும் காரமும் சேர்த்து கிளிசரினைப் பிரித்தெடுத்த பிறகே அது பயோடீசல் ஆகும். மெத்தனால் நச்சு, எளிதில் தீப்பற்றுவது. ஆகவே வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்கும் வேலை இல்லை.

எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் குறைந்தால் பங்க்கில் கலப்படம் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஈரத்தையும் அது ஈர்க்கும் என்பதால், மாதக்கணக்கில் எடுக்காமல் நிற்கும் வண்டியின் டேங்கில் அதை விட்டுவைக்கக் கூடாது.

இவற்றில் நம் கிராமங்களுக்கு ஒத்துவருவது சாண எரிவாயுதான் என்பது என் கருத்து. எரிவாயு எடுத்தபின் வரும் கரைசலும் நல்ல எரு. அங்கேயும் மானியத்தைப் பார்த்துப் பெரிய கலனாகக் கட்டிவிடுகிறார்கள். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். கொத்தனாரைக் கூப்பிடுமுன் ஒரு வாரம் தொழுவத்துச் சாணத்தை எடை போட்டுப் பார்த்துவிடுங்கள்.