டிஸ்க்க பெருசாக்கியும் டிஎஃப்ல எடம் கூடலையா?

மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ்மில்லு சர்வர நான்தான் பாத்துக்கறேன், உபுண்டு லினக்ஸ், டிஸ்க் எடத்த பிரிச்சுக் குடுக்கற எல்விஎம் போட்டது. குறுவை நெல்லு வந்து குமிஞ்ச நேரமா பாத்து ரூட்டு, அதாவது சிஸ்டம் உக்காந்திருக்கற எடம், ரொம்பிடுச்சு, "தம்பி, பில்லே வரமாட்டேங்குது, வாசல்ல லாரி நிக்குது"ன்னு மொதலாளி போன். விஎம்தானேன்னு, அதாவது சாஃப்ட்வேருல ஓடற விர்ச்சுவல் மெஷின்தானேன்னு, டிஸ்க்க 100 ஜிபிலேர்ந்து 200 ஆக்கிட்டு, எடத்த காட்டற டிஎஃப் கமாண்ட அடிச்சா அதே 98 ஜிபி.

மேட்டூர்ல ஜூன் 12 தொறந்துட்டா அன்னைக்கே கடைமடை வயல் நனைஞ்சிடுமா, நடுவுல ஒவ்வொரு மதகா தூக்கணும்ல? இங்க மதகுங்க: பார்ட்டிஷன் (டிஸ்க்ல வெட்டின துண்டு), பிசிகல் வால்யூம் (எல்விஎம் கைல குடுத்த துண்டு), லாஜிக்கல் வால்யூம் (விஜி, அதாவது வால்யூம் குரூப்புங்கற பொதுக் குளத்துலேர்ந்து பிரிச்சுக் குடுக்கறது), கடைசியா ஃபைல்சிஸ்டம் (ஃபைல்கள அடுக்கி வைக்கறது).

மொதல்ல பேக்கப். அப்புறம் விஜிஎஸ் கமாண்ட அடிச்சு, விஜில சும்மா கெடக்கற எடத்த காட்டற விஃப்ரீங்கறத பாருங்க, உபுண்டு சர்வர் இன்ஸ்டாலர் டீபால்ட்டாவே பாதி எடத்த சும்மா விட்டு வச்சிருக்கும், அப்படி இருந்தா நேரா லாஜிக்கல் வால்யூம பெருசாக்கற எல்விஎக்ஸ்டெண்டுக்கு போயிடலாம்.

இல்லன்னா டிஸ்க், பார்ட்டிஷன் சைஸ காட்டற எல்எஸ்பிஎல்கே. எஸ்டிஏங்கற டிஸ்க் 200ன்னும் அதுக்குள்ள எஸ்டிஏ3ங்கற பார்ட்டிஷன் பழைய சைஸ்லயும் தெரிஞ்சா பார்ட்டிஷன நீட்டற குரோபார்ட் போடணும், டிஸ்க் பேருக்கும் 3க்கும் நடுவுல ஸ்பேஸ் விட்டு. எனக்கு இங்கதான் மாட்டிக்கிச்சு, "நோ ஸ்பேஸ் லெஃப்ட்"னு திட்டுது, எடம் கூட்டத்தான்யா வந்தேன்னா கேக்குமா! அது டெம்ப் ஃபோல்டர்ல கொஞ்சம் எழுதும், ரூட்டுல சொட்டு எடமில்ல. ஏபிடி கிளீன் அடிச்சு, ஜர்னல்சிடிஎல்ல வேக்கம் சைஸ் 100எம்னு குடுத்து பழைய லாக கழிச்சதும் ஓடுச்சு.

அடுத்து பிசிகல் வால்யூம நீட்ட பிவிரீசைஸ், இங்க எஸ்டிஏ3ன்னு ஒட்டியே குடுக்கணும். இப்ப விஃப்ரீல 100 ஜிபி ஏறியிருக்கும்.

அப்புறம் எல்விஎக்ஸ்டெண்ட், மைனஸ் ஆர், கேப்பிட்டல் எல், ப்ளஸ் 50ஜி, லாஜிக்கல் வால்யூமோட பாத். ப்ளஸ்ஸ விட்டா மொத்தமே 50ன்னு எடுத்துக்கும். அந்த ஆர்தான் ஃபைல்சிஸ்டத்தயும் சேத்து இழுக்குது, மறந்துட்டா பரவால்ல, ஃபைல்சிஸ்டம் இஎக்ஸ்டி4 வகைன்னா ரீசைஸ்2எஃப்எஸ்க்கு வால்யூம் பாத்த குடுங்க, எக்ஸ்எஃப்எஸ்னா எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ்க்கு மவுண்ட் பாயிண்ட்ட குடுங்க. அன்மவுண்ட், ரீபூட் எதுவும் வேணாம்.

முழுசா 100யும் ஏன் குடுக்கலன்னா, எக்ஸ்எஃப்எஸ்ஸ திருப்பி சுருக்க முடியாதுன்னே வச்சுக்கங்க, இஎக்ஸ்டி4ன்னா அன்மவுண்ட் பண்ணித்தான் சுருக்கணும், ரூட்ட எங்க போயி அன்மவுண்ட் பண்றது? மிச்சம் 50 விஜிலயே கெடக்கட்டும், சம்பா அறுப்புக்கு ஆகும்.

டிஎஃப் 147 ஜிபி காட்டுச்சு, மொதலாளிட்ட "இப்ப போட்டுப் பாருங்கண்ணே"ன்னேன்.