ஏரிக்கரையில் தட்டான் கணக்கு

தட்டான் பார்க்க மலையேற வேண்டாம். சென்னையைச் சுற்றி இன்னும் தூர்ந்துபோகாத ஏரி ஒன்று போதும். ஆனால் ஏரியை மாற்றக் கூடாது. கரையில் 200 மீட்டர் குறித்துக்கொண்டு, மாதம் இருமுறை, காலை 9 மணிக்குமேல் அதே தூரத்தை அரைமணியில் நடந்து, கண்ட தட்டான்களை இனவாரியாக எண்ணி எழுதுங்கள். ஒருநாள் விடியலில், மறுமுறை உச்சிவெயிலில் என்று போனால், எண்ணிக்கை ஏறி இறங்கியது பருவத்தாலா நேரத்தாலா என்று பிறகு பிரிக்கவே முடியாது.

உட்கார்ந்ததும் இறக்கையை விரித்தே வைத்தால் தட்டான். முதுகின்மேல் சேர்த்து மடக்கினால் ஊசித்தட்டான். பாதி விரிக்கும் ஊசித்தட்டான்களும் உண்டு. சந்தேகம் வந்தால் கண்ணைப் பாருங்கள்: ஊசித்தட்டானின் இரு கண்களும் தலையின் இரு ஓரத்தில், நன்றாக விலகி நிற்கும்.

அக்டோபர் மழையோடு வெட்டவெளியில் கூட்டமாக, உட்காராமல் மிதக்கும் மஞ்சள் தட்டான் பன்டாலா ஃபிளாவெசென்ஸ். 'தும்பி பறந்தால் தூரத்தில் மழை' என்பது இதற்குச் சரியாகப் பொருந்தும். மழைக்காற்றோடு இந்தியப் பெருங்கடலையே கடக்கிற பூச்சி. அபூர்வமாக உட்கார்ந்தால் குச்சியில் செங்குத்தாகத் தொங்கும். பளபளக்கும் கார் கூரையைத் தண்ணீர் என்று நம்பி அதில் முட்டையிடுவதும் உண்டு. அதைக் கணக்கில் தனியாக எழுதுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். ரத்தச் சிவப்பாக இருக்கும் குரோகோதெமிஸ் செர்விலியா என்ற தட்டானின் ஆணும் இளமையில் மஞ்சள்தான், பெண்ணைப் போல. அதனால் முதல் படம் பக்கவாட்டில், அடுத்தது மேலிருந்து. உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் பறந்துவிடும். பறந்தாலும் துரத்தாதீர்கள், பல இனங்கள் அதே குச்சிக்குத் திரும்பி வரும்.

நவம்பர், டிசம்பரில் மழை விட்ட காலைகளில் மட்டும் கோரைத் தண்டுகளைக் குனிந்து பாருங்கள். தண்ணீரில் வளர்ந்த இளம்பூச்சி தட்டானாக வெளியேறியபின் விட்டுப்போன, முதுகு பிளந்த பழுப்புத் தோல்கூடு பற்றிக்கொண்டிருக்கும். பிளவில் வெள்ளை நூல்கள் தொங்கினால், அவை இளம்பூச்சி மூச்சுவிட்ட குழாய்களின் உள்தோல். பறப்பது எங்கிருந்தும் வந்திருக்கலாம், கூடு இருந்தால் அது இந்த ஏரியில் வளர்ந்தது. தேதி எழுதித் தீப்பெட்டியில் போட்டு வையுங்கள்.

தோலிமிஸ் டில்லார்கா என்ற தட்டான் அந்தி மயங்கும்போதுதான் கிளம்பும். மாதம் ஒரு மாலை நடையையும் சேருங்கள், ஆனால் அதை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

தண்ணீர் வற்றும் மே மாதத்தில் சாக்கடைக் கலங்கலையும் தாங்கும் பிரேக்கிதெமிஸ் கன்டாமினேட்டா என்ற தட்டானைத் தவிர அதிகம் தென்படாமல் போகலாம். அன்றும் நடந்து, காணாத இனங்களுக்கு நேரே 0 போடுங்கள். வெற்றிடம் விட்டால், போகவில்லையா, போயும் பார்க்கவில்லையா என்று அடுத்த ஆண்டு உங்களுக்கே தெரியாது.