ஊழியப் பயணத்துக்கு 46 கிலோ எதற்கு?

எங்கள் சபையிலிருந்து ஒன்பது பேர் இரண்டு வாரம் ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி நாட்டுக்கு ஊழியப் பயணம் போனோம். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. ஊறுகாய், நூடுல்ஸ், கொசுவத்தி, பழைய துணி, பிள்ளைகளுக்குக் கொடுக்க பலூனும் பேனாவும். எழுபது சீஷர்களை அனுப்பும்போது பணப்பையும் வேண்டாம், சாமான்பையும் வேண்டாம், செருப்பும் வேண்டாம் என்று இயேசு சொன்ன லூக்கா 10-ஆம் அதிகாரத்தைத்தான் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஆலயத்தில் வாசித்தார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டியை எடை போட்டேன். என் பெட்டியில் பன்னிரண்டு சுடிதார்.

இந்தப் பழைய துணி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொண்டுபோகாதீர்கள். மலாவிச் சந்தைகளில் வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் பழைய துணி மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. ‘கவுஞ்சிகா’ என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. அதன்மேல் நாமும் ஒரு மூட்டையை இறக்கினால், கடைத் திண்ணையில் மிதி மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தையல்காரருக்குத்தான் நஷ்டம். அதற்குப் பதில் இரண்டு மீட்டர் ‘சித்தெஞ்சே’ துணி வாங்கி அவரிடம் ஒரு சட்டை தைக்கக் கொடுங்கள். தைக்காமல் அப்படியே வைத்திருந்தாலும் நல்லதுதான். அந்த ஊர்ப் பெண்கள் அதே துணியை இடுப்பில் சுற்றுகிறார்கள், குழந்தையை முதுகில் கட்டுகிறார்கள், சுருட்டித் தலையில் சும்மாடாக வைக்கிறார்கள். பன்னிரண்டு சுடிதாரும் செய்யாத வேலை.

அடுத்தது, நாள் பார்க்காமல் போவது. நாங்கள் போனது ஜனவரியில், பொங்கல் லீவோடு சேர்த்து. நமக்கு அது அறுவடை மாதம். அங்கே மழை நவம்பர் வாக்கில் பிடித்து ஏப்ரல் வரை பெய்கிறது. மக்காச்சோளம் ஏப்ரல், மே மாதங்களில்தான் வீட்டுக்கு வரும். ஜனவரியில் பல வீடுகளில் குதிர் அடியைத் தட்டியிருக்கும், வயலில் பயிர் பச்சையாக நிற்கும். வருஷத்திலேயே வயிறு சுருங்குகிற அந்த நாட்களில், ஒன்பது பேர் மூன்று வீடுகளில் விருந்தாளிகளாக உட்கார்ந்தோம். கோழி அடித்தார்கள்.

அந்தச் சாப்பாட்டை எங்களில் ஒருவர் மறுத்துவிட்டார். ‘ன்சிமா’ என்பது மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்வது, நம் களிக்கு ஒன்றுவிட்ட தம்பி. வீட்டுக்காரர் செம்பால் நம் கையில் தண்ணீர் ஊற்றுவார். ஒரு துண்டு பிய்த்து, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தி, கீரையையோ பொடிமீன் குழம்பையோ அதில் அள்ளிச் சாப்பிட வேண்டும். நமக்கு இதைவிடச் சுலபமான சாப்பாடு உண்டா? ஆனாலும் அவர் வயிறு சரியில்லை என்று எழுந்துபோய் அறையில் நூடுல்ஸ் கிண்டினார். மசாலா வாசனை வீடு முழுக்க வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் முன் வைக்கிறதைச் சாப்பிடுங்கள் என்பதும் அதே லூக்கா 10-தான்.

ஆனால் எளிமை என்ற பெயரில் அசட்டுத்தனமும் வேண்டாம். மலாவியில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், கொசுவலைக்குள் தூங்குங்கள், கொதிக்க வைத்த தண்ணீர் கேளுங்கள். காய்ச்சலில் படுத்தால் உங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவர்கள் தலையில்தான்.

தண்ணீருக்கு வருகிறேன். நான் தங்கிய வீட்டு அம்மாவை ‘அமாயி’ என்று கூப்பிடுவோம். சிச்சேவா மொழியில் அம்மா என்று அர்த்தம், நம் காதுக்கு அம்மாயி என்றே விழும். தினமும் சாயங்காலம் விறகடுப்பில் சுடவைத்த ஒரு வாளித் தண்ணீரைப் புல்தட்டி மறைப்புக்குள் வைத்துவிட்டுக் கூப்பிடுவார். மூன்று நாள் ஆளுக்கொரு வாளியைத் தாராளமாக ஊற்றிக் குளித்தோம். நான்காம் நாள் அவரோடு அடிபம்புக்குப் போனேன். இருபது லிட்டர் வாளியைத் தலையில் ஏற்றிவிட்டார்கள். முப்பது அடி நடப்பதற்குள் பாதித் தண்ணீர் என் முதுகில். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது. அன்று முதல் எனக்குக் குளிக்க நாலு செம்பு போதுமானதாக இருந்தது. எளிமையைப் பற்றி அங்கே நாங்கள் நடத்திய ஜெபக்கூட்டம் எதுவும் இதைச் செய்யவில்லை.

பெரிய தவறு ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்தது. ஆலயத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். “அவங்களுக்கு ஒண்ணுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!” என்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். உட்கார்ந்த பிறகுதான் உறுத்தியது. அமாயி வீட்டுக் கூரை மழையில் ஒழுகும். கூரைத் தகடு ஒன்று என்ன விலை, எத்தனை தகடு வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். காசு இருந்தால் மறுநாளே போட்டுவிடுவார். ஒழுகுகிற கூரையை அவர் விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை, பன்னிரண்டு சுடிதாரை நான் விரும்பித்தான் எடுத்துவைத்தேன். எளிமையாக இருப்பதா வேண்டாமா என்ற கேள்வியே எனக்குத்தான் உண்டு. அவருடையதை வறுமை என்று சொல்லாமல் எளிமை என்று சொன்னால், நம் மனசு லேசாகிவிடுகிறது. அவர் கூரை அப்படியே ஒழுகுகிறது.

சம்மதம் கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடுவதும் இதே வகைதான். நம் பிள்ளையை வெளியூர்க்காரர் ஒருவர் அப்படி எடுத்தால் விடுவோமா?

போன மாதம் அந்த ஊர்ச் சபை மூப்பரோடு போனில் பேசினேன். மறுபடி வர நினைக்கிறோம், என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “மே மாதம் வாருங்கள்,” என்றார். “குதிரில் சோளம் இருக்கும்.”