நீளமான சரத்தைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரலாக்கத்தில் சரம் என்பது எழுத்துகளின் தொடர்ச்சியாகச் சேமிக்கப்படும் உரை. செய்தித் தலைப்பு, பொருளின் விவரம் போன்ற சரத்தைச் சிறிய கட்டத்துக்குள் அடக்க வேண்டியிருக்கும்போது, முதல் 20 எழுத்துகளை வெட்டி மூன்று புள்ளிகளை ஒட்டிவிடுவதே பலரின் வழக்கம். ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துச் சோதிக்கும் வரை இதில் பெரிய குறை தெரியாது. தமிழ்த் தரவு வந்ததும் வெட்டு எங்கே விழுகிறது என்பது அம்பலமாகிவிடும்.

எதை எண்ணுகிறோம் என்று தீர்மானிக்காமல் வெட்டுவதுதான் முதன்மையான தவறு. 'தமிழ்' என்பது படிப்பவருக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு தரத்தில் ஐந்து குறியீட்டுப் புள்ளிகள், அதாவது ஐந்து எண்கள். அந்த எண்களைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். பிஎச்பி நிரல்மொழியில் சரத்தின் பகுதியை எடுக்கும் சப்ஸ்டர் பைட்டுகளையே எண்ணுவதால், முதல் 10 வேண்டும் என்று கேட்டால் 'தமி' என்பதோடு அடுத்த எழுத்தின் உடைந்த துண்டு ஒன்றும் சேர்ந்து வரும். அந்தச் சரத்தை அப்படியே ஜேசன் என்ற தரவு வடிவமாக மாற்ற முயன்றால், பிஎச்பியின் மாற்றும் செயற்கூறு இயல்பான அமைப்பில் ஃபால்ஸ் (பொய்) என்ற மதிப்பைத் தந்துவிட்டு மேற்கொண்டு எதுவும் சொல்லாது. பைட்டுகளை எண்ணாத எம்பி_சப்ஸ்டருக்கு மாறினால் துண்டு விழாது என்றாலும், அதுவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் ஸ்லைஸும் முழு எழுத்துகளை எண்ணாததால், நான்கு கேட்டால் 'தமிழ' என்றும் இரண்டு கேட்டால் 'தம' என்றும் தருகின்றன. பிழைச்செய்தி எதுவும் வராததால் இந்த வகைக் கோளாறே அதிகம் தொல்லை தரும் என்பேன். ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டரும் பிஎச்பியில் கிராஃபீம்_சப்ஸ்டரும் மெய்யையும் உயிர்மெய்யையும் முழு எழுத்தாகவே கொள்கின்றன. ('க்ஷ' மட்டும் அங்கும் இரண்டாகவே எண்ணப்படும்.)

இறுதியில் ஒட்டும் மூன்று புள்ளிகளின் நீளத்தைக் கழிக்க மறப்பது சிறிய தவறுதான், ஆனால் வேடிக்கையானது: 21 எழுத்துள்ள சரம் 'சுருங்கி' 23 ஆகிவிடும்.

சொல்லின் நடுவே வெட்டக் கூடாது என்பதற்காகப் பைத்தான் நிரல்மொழியின் டெக்ஸ்ட்ராப் தொகுதியில் உள்ள ஷார்ட்டனைப் பயன்படுத்துவது நல்ல வழிதான். எனினும் முதல் சொல்லே அகலத்தை மீறினால், சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளிகள் மட்டுமே மிஞ்சும். 'நடைமுறைப்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கும்' போன்ற சொற்களில் தொடங்கும் வாக்கியங்களுக்கு இது அடிக்கடி நேரும் என்பதால், அந்த நிலைக்கு முழு எழுத்துகளாக வெட்டும் மாற்று வழி ஒன்றையும் எழுதி வைக்க வேண்டும்.

சொல் எல்லையில் வெட்டினாலும் பொருள் சிதையாது என்ற உறுதி இல்லை. தமிழில் வினையும் மறுப்பும் பெரும்பாலும் இறுதியில் வருவதால், 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை' என்ற தலைப்பு 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை…' என்று நின்றுவிட்டால் செய்தியே தலைகீழாகிவிடும். இத்தகைய இடங்களில் நிரலை நம்பாமல், ஆசிரியர் எழுதும் குறுந்தலைப்புக்குத் தனிப் புலம் வைப்பதே முறை. கோப்புப் பெயர்களில் கடைசிப் பகுதிதான் கோப்பின் வகையைக் காட்டுகிறது என்பதால், அவற்றை நடுவில் சுருக்க வேண்டும்.

வலைப்பக்கத்தை வடிவமைக்கும் எச்டிஎம்எல் குறிகளோடு கூடிய உரையை அப்படியே வெட்டினால் மூடப்படாத குறி ஒன்று பக்கத்தின் மீதி முழுவதையும் தடித்த எழுத்தாக்கிவிடக்கூடும். ஆகவே குறிகளை நீக்கி, வெட்டி, அதன் பின்னரே சிறப்புக் குறிகளைப் பாதுகாப்பான வடிவுக்கு மாற்ற வேண்டும். திரையில் இடம் போதாது என்பது மட்டுமே காரணமென்றால் சரத்தைத் தொடவே வேண்டியதில்லை: பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் வரி மடங்காமல் தடுத்து, வழிவதை மறைத்து, டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோவுக்கு எலிப்சிஸ் என்று கொடுத்தால், பெட்டியின் அகலத்துக்கேற்ப உலாவியே சுருக்கிக் காட்டும், முழு உரையும் பக்கத்தில் அப்படியே இருக்கும்.