பழைய சர்க்யூட்டில் புதிய பிளக் பாயிண்ட் சேர்ப்பது எப்படி?

புதிதாக ஒரு பாயிண்ட் எடுப்பதில் வயரைச் சேர்ப்பது கடைசி வேலை. அந்த சர்க்யூட் இன்னொரு சுமையைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. தாங்காது என்றால், எவ்வளவு சுத்தமாக வேலை செய்தாலும் பயனில்லை.

வீட்டின் சர்க்யூட்கள் பிரியும் டி.பி. பாக்ஸில், அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி. (ஓட்டம் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். அதிலிருந்து கிளம்பும் வயரின் தடிமனையும் பாருங்கள். செம்பு வயரில், விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ.யும் 10 ஆம்ப் எம்.சி.பி.யும், பவர் பாயிண்டுக்கு 2.5 சதுர மி.மீ.யும் 16 ஆம்பும் பாதுகாப்பான ஜோடி. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. அடிக்கடி விழுகிறதே என்று 16ஐக் கழற்றி 25 போடுவது அந்தக் காவலை எடுத்துவிடுவதற்குச் சமம். அப்படி ஒருபோதும் செய்யாதீர்கள்.

அடுத்து சுமைக் கணக்கு. ஒரே சர்க்யூட்டில் ஃபிரிட்ஜ் 200 வாட், மிக்சி 750, மைக்ரோவேவ் 1,200 இருக்கின்றன என்று வையுங்கள். 1,500 வாட் கெட்டில் ஒன்று சேர்ந்தால் மொத்தம் 3,650. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 15.9 ஆம்ப். பதினாறுக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. வீட்டு எம்.சி.பி.யின் வடிவமைப்பே, குறித்த அளவைவிட 1.13 மடங்கு ஓடினாலும் ஒரு மணி நேரம் விழாமல் நிற்கும்படி இருக்கிறது. 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்ப் அளவில்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். ஆகவே நீடித்த சுமையை எம்.சி.பி. அளவில் 80 சதவீதத்துக்குள், 16 ஆம்புக்கு சுமார் 2,900 வாட்டுக்குள், நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் டி.பி.யிலிருந்து தனி சர்க்யூட் இழுப்பதே சரி. வாட்டர் ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் கணக்கே பார்க்க வேண்டாம், தனி சர்க்யூட்தான்.

இந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்யலாம் என்று பல இடங்களில் சட்டம் சொல்கிறது. உங்கள் பகுதி விதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை தொடங்கும் முன் மெயினை இறக்கிப் பூட்டுங்கள். இன்வெர்ட்டர், சோலார், ஜெனரேட்டர் இருந்தால் அவற்றையும் தனியாகப் பிரிக்க வேண்டும். மெயின் இறங்கிய பிறகும் இன்வெர்ட்டர் வழியாகப் பாயிண்டில் மின்சாரம் வரும். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பது போதுமான சான்று அல்ல. இருமுனை டெஸ்டரை (இரண்டு முனைகளை இரண்டு இடத்தில் வைத்துப் பார்ப்பது) மின்சாரம் உள்ள இடத்தில் சரிபார்த்து, வேலை செய்யும் இடத்தில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் சோதித்து, மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

புதிய வயர் பழைய வயரின் தடிமனுக்குக் குறையக் கூடாது. சுவரில் காடி வெட்டும்போது பாயிண்டிலிருந்து நேர் மேலே அல்லது நேர் பக்கவாட்டில் மட்டும் போங்கள். குறுக்குச் சாய்வாகப் போன வயர் நாளை யாரோ அடிக்கும் ஆணிக்குக் கீழே இருக்கும். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரே பைப்பில், ஒரே சர்க்யூட்டிலிருந்து வர வேண்டும். பக்கத்து ஸ்விட்ச் போர்டில் எட்டும் தூரத்தில் நியூட்ரல் கிடைக்கிறது என்று அதை எடுப்பவர்கள் நிறையப் பேர். ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) காரணமே தெரியாமல் விழுந்துகொண்டிருப்பதற்கு இது முக்கியக் காரணம். அதைவிடப் பெரிய ஆபத்து, நீங்கள் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுக் கழற்றும் நியூட்ரலில் மற்ற சர்க்யூட்டின் மின்சாரம் ஓடிக்கொண்டிருப்பது.

மின்சாரத்தால் வரும் தீ பல நேரம் இணைப்பில்தான் தொடங்குகிறது. 15 ஆம்ப் ஓடும் இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால் 22.5 வாட் வெப்பம் அந்த ஒரே புள்ளியில் இறங்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நாளடைவில் தளர்ந்து இப்படித்தான் கருகுகிறது. எம்.சி.பி.க்கு இது தெரியாது, ஓட்டம் கூடவில்லையே! எனவே திருகு கனெக்டரோ லிவர் கனெக்டரோ பயன்படுத்துங்கள். அதில் எழுதியிருக்கும் நீளத்துக்கு மட்டும் தோலை உரியுங்கள். பல இழை வயரின் நுனியில் ஈயம் பற்றவைத்துத் திருகின் கீழ் வைக்காதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கிப் பிடி தளரும். அதற்கு ஃபெருல் (நுனியில் மாட்டி நசுக்கும் சிறு உலோகக் குழாய்) போடுங்கள். இணைப்பு எப்போதும் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், பூச்சுக்குள் புதைக்கக் கூடாது.

மூன்று உருண்டைத் துளை சாக்கெட்டை முன்னாலிருந்து பார்த்தால் பெரிய எர்த் துளை மேலே, பேஸ் வலது, நியூட்ரல் இடது. ஸ்விட்ச் பேஸைத்தான் வெட்ட வேண்டும். நியூட்ரலில் போட்டால், அணைத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும்.

மின்சாரம் கொடுக்கும் முன், டி.பி. எர்த்திலிருந்து புதிய எர்த் துளை வரை வயர் அறுபடாமல் தொடர்கிறதா என்று தடையை அளந்து பாருங்கள், 1 ஓமுக்குக் கீழ் வர வேண்டும். எல்லாக் கருவிகளையும் பிடுங்கிவிட்டு 500 வோல்ட் மெக்கரில் (வயர்த் தோலின் தடையை அளக்கும் கருவி) பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் பாருங்கள், 1 மெகாஓமுக்குக் குறைந்தால் எங்கோ தோல் கிழிந்திருக்கலாம். பிறகு மின்சாரம் கொடுத்து 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் அதை மாற்றும் வரை பாயிண்டைப் பயன்படுத்த வேண்டாம். கடைசியாக, முழுச் சுமையில் அரை மணி ஓட்டி சாக்கெட்டின் முகப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மெயினை இறக்கி, திருகுகளை மறுபடி இறுக்க வேண்டும்.