கருவின் மூளை அறையை அளத்தல்: கேலிப்பர் சாயும் இடம்

கும்பகோணத்தில் ஸ்கேன் பணியைத் தொடங்கிய புதிதில், ஐந்தாம் மாதப் பெண் ஒருவருக்குக் கருவின் மூளைப் பக்க அறை (மூளைக்குள் நீர் நிறைந்த குழி) 11 மி.மீ. அகலம் என்று எழுதித் தஞ்சாவூருக்கு அனுப்பினேன். அங்கே 8.4 என்று வந்தது. சம்பா நடவை அப்படியே போட்டுவிட்டுப் பேருந்து ஏறிய அந்தக் குடும்பம் பட்ட கலக்கத்துக்கு என் கேலிப்பர்தான் (திரையில் இரு புள்ளி வைத்துத் தூரம் அளக்கும் குறி) காரணம்.

முதலில் தலையின் குறுக்குவெட்டை எடுங்கள். முன்பக்கம் கேவம் (நடுக்கோட்டில் நீர் நிறைந்த சிறு பெட்டி போன்ற இடம்) தெரிய வேண்டும். நடுக்கோடு இருபுற மண்டையோட்டுக்கும் சம தூரத்தில் இருக்க வேண்டும். பிறகு தலை திரையை நிறைக்கும்வரை படத்தைப் பெரிதாக்குங்கள்.

அடுத்ததுதான் நான் சறுக்கிய படி. கோராய்டு பிளெக்சஸின் (அறைக்குள் மூளை நீரைச் சுரக்கும் திசு) பருத்த பகுதி இருக்கும் இடத்தில், பின்புற மூளைப் பள்ளத்துக்கு நேராக, ஒரு சுவரின் உள்விளிம்பிலிருந்து எதிர்ச்சுவரின் உள்விளிம்புவரை அளக்க வேண்டும். அறை பின்னே போகப்போக நடுக்கோட்டை விட்டு விலகிச் செல்வதால், நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகக் கோடு போட்டால் அது அறையைச் சாய்வாக வெட்டி, இல்லாத அகலத்தைக் காட்டிவிடும். கோடு அறையின் நீளவாட்டுக்கே செங்குத்தாக இருக்க வேண்டும். நானோ நடுக்கோட்டைப் பார்த்தே போட்டேன், அதுவும் வெளிவிளிம்புகளில்.

10 மி.மீ.க்குக் கீழே இயல்பு; 12 வரை லேசான விரிவு, 15 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. முப்பரிமாணப் படத்தை விட, சினி லூப்பை (ஸ்கேன் கருவி சேமித்த கடைசி சில நொடிப் படங்கள்) பின்னோக்கி நகர்த்திச் சரியான சட்டகத்தைத் தேடி மூன்று முறை அளப்பதையே நான் நம்புகிறேன்.

அகலம் உண்மையென்றால் அளவோடு நிறுத்தாமல் முதுகுத்தண்டு, சிறுமூளை, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் ஆகியவற்றைப் பாருங்கள். முதுகுத்தண்டுப் பிளவில் சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்திருக்கும். சைட்டோமெகலோ, டாக்சோபிளாஸ்மா தொற்றுகளுக்கான இரத்தப் பரிசோதனை, பனிக்குட நீர்ப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஆகியவற்றைப் பற்றிப் பெற்றோரிடம் பேச வேண்டும். வேறு குறையில்லாத லேசான விரிவில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கின்றன என்பதையும் அதே அமர்வில் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை: புரோபுக்கு (தாயின் வயிற்றில் வைக்கும் ஸ்கேன் முனை) அருகிலுள்ள அறை மங்கலாகத் தெரிகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது மண்டையோட்டின் எதிரொலி. தாயைச் சற்று நடக்கவிட்டு, கரு திரும்பியபின் அந்த அறையையும் அளந்துவிடுங்கள். ஆண் கருவுக்கு அறை சராசரியாகச் சற்று அகலம் என்பது மெய்தான். ஆனால் பாலினத்தைத் தெரிவிப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்வதால், 10.2 கண்டு கலங்கும் பெற்றோரிடம் அந்தச் சமாதானத்தை வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள்.